இடது பையில் பத்துப் பொத்தான்

பெடலிலிருந்து காலை எடுக்காமலே அவள் இடது கையை மேலங்கியின் இடது பைக்குள் விட்டாள். வெள்ளைப் பொத்தான் ஒன்று வெளியே வந்தது, கை மாறியது, வலது பைக்குள் விழுந்தது. கண் ஊசியை விட்டு நகரவே இல்லை. "மூணு" என்று உதடு மட்டும் அசைந்தது. அடுத்த சட்டை வந்து ஊசிக்குக் கீழே படுத்துக்கொண்டது.

சட்டைக்கு ஏழு பொத்தான் வைப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு நானூறு சட்டை. அதெல்லாம் கம்பெனிப் பொத்தான். பைக்குள் இருந்த பத்து மட்டும் அவளுடையது. விளிம்பு உடைந்தும் துளை அடைபட்டும் கழிவுக் கூடையில் விழுந்தவற்றைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். வயிற்றுக்குள் ஓர் உதை வந்தால் ஒரு பொத்தான் இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். பத்தும் போய்ச் சேர்ந்ததும் "பத்து ஆச்சு!" என்று சத்தமாக அறிவிப்பாள். அத்தனை மெஷின் இரைச்சலிலும் தையல் வரிசையில் இருக்கும் நாற்பது பேருக்கும் அது கேட்கும். அதனால் அந்த லைனில் அவளுக்குப் பெயரே பத்து என்றாகிவிட்டது. அப்பா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

மாலையில் வாசலில் பையைத் தடவிச் சோதனை போடும் காவலாளி அம்மாவுக்குக்கூட இது பழகிப் போயிருந்தது. "காலையில பத்து உள்ள போச்சு, இப்ப பத்து வெளிய வருது. போ தாயி. அடுத்த மாசம் ஒண்ணு கூடுதலா வெளிய வரணும், அதுக்கு நான் சோதனை போட மாட்டேன்" என்பாள்.

எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. மருத்துவமனை அட்டையில் முப்பத்து நான்கு வாரம் என்று எழுதியிருந்தது. உடம்பை அவள் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்ல ஆரம்பித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. தண்ணீர் பாட்டிலில் மூன்று இடத்தில் நூல் கட்டியிருந்தாள். சிவப்பு நூல் வரைக்கும் பத்து மணிக்குள் இறங்க வேண்டும், நீலம் வரைக்கும் சாப்பாட்டுக்குள், பச்சை வரைக்கும் மூன்று மணிக்குள். பெடலில் இல்லாத கால், நூல்கண்டு வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் தூக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டுச் சட்டை முடிந்ததும் எழுந்து நின்று, கணுக்காலைப் பம்பரம் மாதிரி இந்தப் பக்கம் பத்துச் சுற்று, அந்தப் பக்கம் பத்துச் சுற்று. பாதம் வீங்கிய நாளிலிருந்து கணவனின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவன் பழைய ரப்பர் செருப்போடு தண்ணீர் கேன் வேன் ஓட்டப் போனான்.

வீட்டில் நாத்தனார் தட்டு நிறையச் சோற்றைப் போட்டு, "ரெண்டு பேருக்குச் சாப்பிடணும் அண்ணி" என்பாள்.

"உள்ள இருக்கறவங்க இன்னும் ரெண்டரை கிலோகூட வரலை. அவங்களுக்கு எதுக்கு இவ்வளவு சோறு? அந்த முட்டையை மட்டும் இன்னொண்ணு வை" என்பாள் இவள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு சேர்த்து விழுங்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதற்காக, தேநீரையே விட்டுவிட்டாள். விட்ட முதல் வாரம் தலைவலியில் யாரிடமும் பேசவில்லை. அந்த வாரம் வீடே நிம்மதியாக இருந்தது என்று கணவன் சொன்னான், வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கம்பெனியில் பெரிய போராட்டம் டோக்கனோடு. கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் சூப்பர்வைசர் மேசையில் இருக்கும் மரக்கட்டை டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நாற்பது பேருக்கு இரண்டே டோக்கன். சூப்பர்வைசரை நேரில் மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் விசில். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டீல் விசில். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"என்ன பத்து, மறுபடியுமா? இப்பத்தானே போயிட்டு வந்தே?"

"நான் போகலை மேடம். உள்ள இருக்கறவங்க என் மூத்திரப் பை மேல உக்காந்துக்கிட்டு எந்திரின்னு சொல்றாங்க."

"அவங்களுக்கு ஷிப்மெண்ட்னா என்னன்னு தெரியுமா, கேளு."

"பொறந்ததும் உங்ககிட்டதான் வேலைக்கு அனுப்பப் போறேன். அப்ப நீங்களே சொல்லிக் குடுங்க."

விசில் உதட்டைக் கடித்துக்கொண்டு டோக்கனைத் தள்ளுவாள். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இந்தச் சண்டையே வராது. பல பெண்கள் அப்படித்தான் சமாளித்தார்கள், நீர்க்கடுப்பில் சுருண்டார்கள். இவள் மட்டும் விடுவதாக இல்லை. பச்சை நூல் பச்சை நூல்தான்.

இத்தனை பிடிவாதம் ஏன் என்று கேட்டால் அவள் பதில் சொல்ல மாட்டாள். லைனில் பழையவர்களுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால், முதல் தடவை, ஏழாவது மாதம். இரண்டு நாள் வயிறு அசையாமல் கிடந்தது. "தூங்குது, சர்க்கரைத் தண்ணி குடி, எழுந்துக்கும்" என்றார்கள் எல்லோரும். அவளும் நம்பினாள். இரண்டு நாளும் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு, வயிற்றின் மேல் கை வைத்து, எழுப்ப வேண்டாம், நன்றாகத் தூங்கட்டும் என்று தன் பேச்சைக்கூடத் தணித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மருத்துவமனையில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்த வீட்டில் யாரும் சர்க்கரை டப்பாவை அவள் கண் எதிரே திறக்கவில்லை.

இந்தத் தடவை ஏழாவது மாதம் பிறந்ததும் பெரிய கண்ணாடி போட்ட நர்ஸ் அவளை எதிரே உட்கார வைத்துச் சொன்னாள்: "தினம் ஒரே நேரத்துல, சாப்பிட்ட பிறகு, இடது பக்கமா சாய்ஞ்சு படு. வேற எந்த வேலையும் வேண்டாம். வயித்து மேல கையை வச்சுக்கிட்டு எண்ணு. ரெண்டு மணி நேரத்துக்குள்ள பத்து அசைவு வரலைன்னாலும் சரி, எப்பவும் போல இல்லைன்னு உன் மனசுக்குப் பட்டாலும் சரி, நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதே. உடனே கிளம்பி வா. சும்மா வந்துட்டேன்னு இங்க யாரும் திட்ட மாட்டோம்."

நர்ஸ் சொன்னது அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். ஒன்றே ஒன்றை மட்டும் அவள் தன் சௌகரியத்துக்கு மாற்றிக்கொண்டாள். வீட்டில் இடது பக்கம் சாய்ந்து படுத்தால், நாத்தனாரின் இரட்டைப் பயல்கள் கட்டிலில் ஏறிக் குதிப்பார்கள். அவர்களை விரட்டிவிட்டுப் படுத்தால், நாலு எண்ணுவதற்குள் கண் செருகிவிடும், விழித்தால் விடிந்திருக்கும். கண்ணைத் திறந்துகொண்டு, உட்கார்ந்த இடத்தில், எட்டு மணி நேரம் அவள் இருக்கும் ஒரே இடம் மெஷின்தான். எங்கே எண்ணினால் என்ன, உதை உதைதானே? அப்படித்தான் நினைத்தாள் பாவம்.

வயிறு பெருக்கப் பெருக்க மேசை விளிம்பு அதில் இடிக்க ஆரம்பித்தது. அதற்கும் வழி கண்டாள். கழிவுத் துணியைச் சுருட்டி, உறை தைத்து, சின்னத் திண்டு ஒன்று செய்தாள். மேசைக்கும் வயிற்றுக்கும் நடுவில் அதைச் செருகிக்கொண்டால் மெத்தென்று இருந்தது. பார்த்த கர்ப்பிணிகள் இரண்டு பேர் தங்களுக்கும் தைத்துத் தரச் சொல்லி வாங்கிப் போனார்கள். அந்தத் திண்டில் அவளுக்கு அத்தனை பெருமை.

நான்கு நாளைக்கு முன்னால், அதே நீண்ட மரமேசையின் மறுமுனையில் பிரஸ் பட்டன் அடிக்கும் புது மெஷினைக் கொண்டுவந்து முடுக்கினார்கள். ஒவ்வோர் அடிக்கும் மேசை லேசாக அதிர்ந்தது. அதில் உட்கார்ந்தவள் கல்யாணமாகி ஆறு மாதமான ஒரு வாயாடிப் பெண். ஒரே நாளில் அவளுக்குச் சம்மட்டி என்று பெயர் வைத்தாகிவிட்டது. பேச்சு வந்தால் அவள் கை நின்றுவிடும். பேச்சு நின்றால் இரண்டு அடி, மூன்று அடி. மறுபடி ஏதாவது ஞாபகம் வந்துவிடும்.

அந்த நான்கு நாளும் பத்துக்கு ஒரே சந்தோஷம். மதியம் வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்த எண்ணிக்கை, பதினோரு மணி இடைவேளைக்கு முன்பே முடிந்துபோனது. "பத்து ஆச்சு!" என்று அவள் கூவியதும் சம்மட்டி, "அதுக்குள்ளயா அக்கா? உள்ள குழந்தை இருக்கா, குதிரை இருக்கா?" என்று கேட்டாள்.

கணவனிடமும் சொன்னாள். "பகல்லாம் ஒரே ஆட்டங்க. ராத்திரி மட்டும் அசையறதே இல்லை."

"உன்னை மாதிரிதான். பகல்லாம் உழைச்சுட்டு ராத்திரி கட்டையாட்டம் தூங்குது" என்றான் அவன், அவள் பாதத்தைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டபடி.

விடியற்காலையில் விலாவுக்குக் கீழே குதிகாலால் ஓர் உந்து உந்தி எழுப்பும் வழக்கம் உண்டு அந்தக் குழந்தைக்கு. இரண்டு நாளாக அது வரவில்லை. விழித்துப் படுத்திருந்தவளுக்கு மனதில் எங்கேயோ முள் தைத்தது. ஆனால் வேலைக்குப் போய் உட்கார்ந்ததும் எண்ணிக்கை சரியாக வந்தது. எண்ணிக்கை சரியாக இருக்கும்போது முள்ளை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஐந்தாம் நாள் காலை. மூன்று மணி லாரிக்குள் அத்தனை சட்டையும் பெட்டியில் ஏறியாக வேண்டும். விசில் லைனுக்கும் மேசைக்கும் நடந்து நடந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பத்தின் வலது பையில் ஏழு பொத்தான் சேர்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

நாற்பது மெஷின் ஒரே சமயத்தில் வாய் மூடியது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. "ஜெனரேட்டரைப் போடச் சொல்லு!" என்று விசில் கத்தியது கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பியது.

பத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். இன்னும் மூன்றுதான். எட்டாவது பொத்தானை விரலில் எடுத்து உருட்டிக்கொண்டே காத்திருந்தாள். வரவில்லை. பையிலிருந்த வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டாள். தண்ணீரை நீல நூல் வரைக்கும் குடித்து இறக்கினாள். வரவில்லை. வயிற்றின் வலப்பக்கத்தை இரண்டு விரலால் மெல்லத் தட்டினாள். வழக்கமாகத் தட்டினால் திருப்பித் தட்டும் இடம் அது. யாருமில்லாத வீட்டின் கதவைத் தட்டியது போல இருந்தது.

"என்ன அக்கா, குதிரைக்கும் கரண்ட் போயிடுச்சா?" என்றாள் சம்மட்டி. சுற்றி நாலு பேர் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

இருபது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. மெஷின்கள் உயிர் பெற்றன. அவள் முன்னுக்கு நகர்ந்து, திண்டைச் செருகி, மேசையோடு ஒட்டி உட்கார்ந்தாள். சட்டையை ஊசிக்குக் கீழே தள்ளினாள். வயிற்றில் தொம்மென்று ஓர் உதை.

அப்பாடா என்று மூச்சு வந்தது. "எட்டு" என்று பொத்தானை எடுத்தவளின் கை பாதி வழியில் நின்றது.

மேசையின் மறுமுனையில் சம்மட்டி அடுத்த சட்டையை எடுத்து வைத்தாள். நெம்புகோல் இறங்கியது. வயிற்றில் உதை வந்தது. சம்மட்டி பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லத் திரும்பினாள். வயிறு அமைதியானது. பேச்சு முடிந்தது, இரண்டு அடி. வயிற்றில் இரண்டு உதை.

பொத்தானை இடது பைக்குள்ளேயே போட்டுவிட்டு அவள் நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளினாள். திண்டு கீழே விழுந்தது. சம்மட்டி அடித்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை. மறுபடி அடித்தாள். ஒன்றுமில்லை. அவள் முன்னால் சாய்ந்து வயிற்றை மேசையில் ஒட்டினாள். உதை. விலக்கினாள். இல்லை.

அவளுக்கு அந்த வயிறே தன்னுடையதாக இல்லாமல் போனது. நான்கு நாள். நான்கு நாளாகத் தன் குழந்தை என்று அவள் எண்ணி, மாற்றி, கூவி அறிவித்ததெல்லாம் யாருடையது?

எழுந்தவள் மேசைகளுக்கு நடுவே நடந்து விசிலின் முன்னால் போய் நின்றாள். விசில் நிமிராமலே டோக்கனைத் தள்ளினாள்.

"டோக்கன் வேண்டாம் மேடம். ஆஸ்பத்திரிக்குப் போகணும். குழந்தை அசையலை."

"காலையில ஏழுன்னு எண்ணிக்கிட்டு இருந்தியே? உன் உதடு அசைஞ்சதை நான் பார்த்தேனே?"

"அது குழந்தை இல்லை. அந்த மெஷின்."

விசில் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வயதான பெண் ஒருத்தி, "தூங்குதோ என்னவோம்மா. எதுக்குப் பதறறே? கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி..." என்று ஆரம்பித்தாள்.

"சர்க்கரைன்னு சொல்லாதீங்க!" பத்து போட்ட சத்தத்தில் பக்கத்து லைன்கூடத் திரும்பியது. அந்த வாயிலிருந்து அதுவரைக்கும் சிரிப்பும் எண்ணிக்கையும் மட்டுமே கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். "அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க. போன தடவை ரெண்டு நாள் குடிச்சேன். இந்தத் தடவை ரெண்டு நிமிஷம்கூடக் காத்திருக்க மாட்டேன்."

"மேனேஜர் கையெழுத்து இல்லாம கேட் திறக்க மாட்டாங்க. அவர் மீட்டிங்ல இருக்காரு. முடிய ஒரு மணி ஆகும்" என்றாள் விசில். சட்டம் பேசும் வழக்கமான குரல்தான். ஆனால் கை தன்னிச்சையாகக் கழுத்திலிருந்த விசிலைப் பிடித்துக்கொண்டிருந்தது. "எத்தனை நாளா இப்படி எண்ணினே?"

"நாலு நாள்."

விசில் அந்த நீண்ட மேசையைப் பார்த்தாள். புது மெஷினை அங்கே முடுக்கச் சொல்லி இடம் காட்டியது அவள்தான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, நேரே போய்ச் சம்மட்டியின் கழுத்தில் மாட்டினாள்.

"நான் வர்ற வரைக்கும் நீதான் லைன். மூணு மணிக்குப் பெட்டி ஏறணும். பேசினே, தொலைச்சிடுவேன்."

சம்மட்டி மெஷினை விட்டு எழுந்து, விசிலை வாயில் வைத்து ஓர் ஊது ஊதினாள்.

வாசலில் காவலாளி அம்மா கை நீட்டி மறித்தாள். "சீட்டு எங்கே?"

"என் பேர்ல எழுது. ரெண்டு பேர் வெளிய போறோம். கேட்டா என்னைக் கேக்கச் சொல்லு" என்றாள் விசில். பையைத் தடவிச் சோதிக்கக் கை கொண்டுபோன காவலாளி அம்மா, பத்தின் முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். தானே ஓடிப்போய்க் கம்பெனி வேன் டிரைவரைத் தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பினாள்.

வேனில் போகும்போது பத்து கணவனுக்குப் போன் போட்டாள். "என்னங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க." "என்னாச்சு? சொல்லு, என்னாச்சு?" என்று அந்தப் பக்கம் கத்திக்கொண்டே இருந்தான். விசில் போனை வாங்கி, "தம்பி, நான் அவங்க சூப்பர்வைசர் பேசறேன். வண்டியைப் பார்த்து ஓட்டிக்கிட்டு வா. நீ விழுந்து வச்சா உன்னையும் நான்தான் பார்க்கணும்" என்றாள்.

வேன் ஒவ்வொரு தடவை குலுங்கியபோதும் பத்தின் கை வயிற்றுக்குத் தாவியது. ஒவ்வொரு தடவையும் அது வேனின் குலுக்கல் என்று தெரிந்து இறங்கியது. நான்காவது தடவை அவள் கையைத் தூக்கவே இல்லை.

பெரிய கண்ணாடி நர்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்து, "அசைவு எப்பலேருந்து குறைஞ்சது?" என்று கேட்டாள்.

உலகத்திலேயே சுலபமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்காகத்தானே தினமும் பொத்தானைச் சுமந்தாள்? "தெரியலை சிஸ்டர்" என்றாள். மேசை, திண்டு, மெஷின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "நீங்க படுத்துக்கிட்டு எண்ணச் சொன்னீங்க. நான் கேக்கலை. நான்தான் கேக்கலை."

"இதைக் கேக்கறதுக்கு இப்ப நேரம் இல்லை. தப்புன்னு தெரிஞ்சதும் வந்துட்டே இல்ல? ஏறிப் படு" என்றாள் நர்ஸ். குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. கைதான் பரபரவென்று இயங்கியது.

குளிர்ந்த களிம்பு வயிற்றில் பட்டது. கருவி இடப்பக்கம் போனது. சரசரவென்று காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வலப்பக்கம் போனது. அதே சத்தம். தொப்புளுக்குக் கீழே இறங்கியது. பத்து நர்ஸின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்த முகம் திரும்பிக்கொள்ளுமா? போன தடவை எல்லோரும் திரும்பிக்கொண்டார்களே, அப்படி? சுவர்க் கடிகாரத்தின் முள் ஒவ்வொரு நொடிக்கும் நின்று யோசித்துவிட்டு நகர்ந்தது.

கருவி ஓரிடத்தில் நின்றது. டபடபடப என்று ஒரு சத்தம், எங்கிருந்தோ மூச்சிரைக்க ஓடிவருவது போல அறையை நிறைத்தது.

விசில் சுவரோடு சாய்ந்தவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பத்து அசையவில்லை. "இது மெஷின் சத்தமா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"உன் குழந்தையோட இதயம்மா."

"நிச்சயமாவா?"

நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து, அவளுடைய நாடியின் மேல் அவள் விரலையே வைத்தாள். "இது உன்னோடது. எவ்வளவு மெதுவா போகுது பாரு. அதைக் கேளு, ரெண்டு மடங்கு வேகம். வேற யாரோடதுன்னு நினைக்கறே?"

ஆனால் கதை அதோடு முடியவில்லை. வந்து பார்த்த டாக்டர் அம்மா வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டையைக் கட்டச் சொன்னாள். பக்கத்துப் பெட்டியிலிருந்து காகிதம் ஊர்ந்து வெளியே வந்தது. அதில் கோடு ஒன்று நீண்டுகொண்டே போனது. "துடிப்பு இருக்கு. ஆனா குழந்தை அசையும்போது இந்தக் கோடு மேல ஏறி இறங்கணும். இப்ப ஏறலை. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம். அப்பவும் ஏறலைன்னா, ஸ்கேன் பார்த்துட்டு, இன்னைக்கே வெளிய எடுக்கணுமான்னு முடிவு பண்ணணும்" என்றாள்.

"ஆறு வாரம் இருக்கே டாக்டர்."

"அதனாலதான் காத்திருக்கோம்."

நர்ஸ் அவளை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, முதுகுக்கு ஒரு தலையணையும் முழங்கால்களுக்கு நடுவே ஒன்றும் வைத்தாள். கையில் ஒயரோடு கூடிய சின்ன விசை ஒன்றைக் கொடுத்தாள். "அசைவு தெரிஞ்சா இதை அமுக்கு. தெரிஞ்சா மட்டும்."

தெரிந்தால் மட்டும். அவள் அந்த விசையைப் பார்த்த பார்வையை யாராவது பார்த்திருக்க வேண்டும். பிறகு மேலங்கியின் வலது பைக்குள் கையை விட்டு, அந்த ஏழு பொத்தானையும் அள்ளினாள். இடது பையிலிருந்த மூன்றையும் சிரமப்பட்டு எடுத்தாள். பத்தையும் சேர்த்து விசிலின் கையில் கொட்டினாள்.

"என்ன பத்து இது?"

"அந்த ஏழு பொய். எல்லாத்தையும் நீங்க வச்சுக்கங்க மேடம். முதல்லேருந்து எண்ணணும்."

கணவன் வந்து சேர்ந்தான். தண்ணீர் கேன் தூக்கியதில் சட்டை தோள்வரைக்கும் நனைந்திருந்தது. காலில் ஒரு செருப்பு வார் அறுந்து தொங்கியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். வாசலில் டாக்டர் அம்மாவின் குரல் யாரிடமோ, "ஸ்கேன் ரூம் காலியா இருக்கான்னு பாருங்க" என்றது.

வயிற்றில் ஏதோ நகர்ந்தது.

விசையின் மேல் இருந்த கட்டைவிரல் இறங்கப் போனது, நின்றது. அவள் கண்ணைத் திறந்து, கட்டில் கம்பியைப் பார்த்தாள். கணவனின் கை அதை இறுகப் பிடித்திருந்தது. அந்தக் கை நடுங்கியதில் கட்டிலும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கையை எடுங்க."

"என்னம்மா?"

"கட்டில்லேருந்து கையை எடுங்க. எல்லாரும் எடுங்க. மேடம், உங்க முழங்கால் இடிக்குது, தள்ளி உக்காருங்க. சிஸ்டர், அந்த ஃபேனை நிறுத்துங்க."

நர்ஸ் எழுந்து ஸ்விட்சை அணைத்தாள். மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. கணவன் இரண்டு கையையும் தூக்கி, பிடிபட்ட திருடனைப் போல நின்றான். விசில் பெஞ்சோடு பின்னுக்கு நகர்ந்தாள். வராந்தாவில் தள்ளுவண்டி ஒன்று கடகடத்துக்கொண்டு வந்தது. அவள் ஒரு விரலை உயர்த்திக் காட்ட, அது கடந்து போய்ச் சத்தம் தேயும்வரை அறையில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இதயத்தின் ஓட்டம் மட்டும் கேட்டது.

விலாவுக்குக் கீழே, விடியற்காலையில் வழக்கமாக வரும் அதே இடத்தில், ஒரு குதிகால் உள்ளிருந்து மெல்ல உந்தியது.

அவள் அமுக்கவில்லை. இடது உள்ளங்கையைக் கட்டில் பலகையில் பதித்து அதிர்வு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அதிலும் இல்லை. குதிகால் மறுபடி உந்தியது. இந்தத் தடவை பலமாக, கட்டியிருந்த பட்டையே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. கட்டைவிரல் விசையில் அழுந்தியது. ஊர்ந்துகொண்டிருந்த கோடு ஒரு மேடு ஏறியது. நர்ஸ் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு காகிதத்தின்மேல் குனிந்தாள்.

பத்து கண்ணை மூடிக்கொண்டு, கட்டில் கம்பியில் படாமல், விசிலின் பக்கம் கையை நீட்டி விரித்தாள். விசில் ஒரு பொத்தானை எடுத்து அதில் வைத்தாள்.